வாய் வறளும், பயப்படாதீங்க

காஜா பேராங் சாலையில் ஒரு சைக்கிள் கடைக்கும் சீனர் காப்பிக் கடைக்கும் நடுவில் டாக்டர் ராஜரத்தினத்தின் கிளினிக் இருந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு பெஞ்சு, அதைத் தாண்டி டாக்டர் அறை, திரும்பி வரும் வழியில் மருந்து வாங்கும் சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் 1951-லிருந்து பூங்காவனம் நின்றாள். ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கிய நர்ஸ் இல்லை அவள். ஆனாலும் வருகிறவர்களுக்கு அவள் மிஸ்ஸிதான். மலாக்காவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் யாராக இருந்தாலும் நர்ஸை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி வேகவைக்கப் போனவள், அங்கேயே ஊசி கழுவவும் காயம் கட்டவும் கற்றுக்கொண்டாள். சண்டை முடிந்த பிறகு தியாகுவைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். தியாகு தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டாக்டர் அவளுக்கு மருந்து கலக்கவும், சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். இரண்டே வருடத்தில் டாக்டரின் கோழிக் கிறுக்கலை டாக்டரை விட நன்றாகப் படித்தாள்.

கை சுத்தம், கணக்குச் சுத்தம். பேச்சு மட்டும் கொஞ்சம். "மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சொல்லி உறையை நீட்டுவாள். அடுத்த ஆள் வந்துவிடுவார். பெஞ்சில் இருபது பேர் காத்திருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் கழித்துப் புதிதாக ஒரு மாத்திரை வந்தது. காவி நிறத்தில், சர்க்கரை பூசிய சின்ன மாத்திரை. அழுதுகொண்டே இருப்பவர்களுக்கு, சாப்பிடாமல் தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அதுவரை அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் தூக்க மருந்து கொடுப்பார், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். குடும்பத்தார் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மலாய் மந்திரவாதி பொமோவிடமோ பூசாரியிடமோ போவார்கள். இப்போது கையில் ஒரு மருந்து இருக்கிறது என்பதில் டாக்டருக்குப் பெரிய சந்தோஷம்.

அதை முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பொன்னுதுரை. புக்கிட் பாருவில் வீடு, வக்கீல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. மனைவி இறந்து ஒரு வருடமாக மனிதர் உடைந்துபோயிருந்தார். பூங்காவனம் வழக்கம்போல, "மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சொல்லி இரண்டு வாரத்து மாத்திரையை நீட்டினாள். அவர் திரும்பி வரவே இல்லை. குணமாகிவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து மார்க்கெட்டில் அவரைப் பார்த்தாள். முகத்தில் நான்கு நாள் தாடி. வேலைக்குப் போகிற நேரத்தில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை ஒத்துக்கல மிஸ்ஸி" என்றார் அவளைக் கண்டதும், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி. "வாய் காஞ்சு போச்சு. எச்சிலே ஊறல. காலையில எழுந்தா தலை சுத்தி, ஒரு தடவை குளியலறையில விழுந்துட்டேன். உடம்பையே உறிஞ்சுதுன்னு நெனச்சேன். பத்தாம் நாள் எல்லாத்தையும் சாக்கடையில போட்டுட்டேன்."

"டாக்டர்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே ஐயா?"

"அவ்வளவு பெரிய மனுஷர் குடுத்த மருந்த ஒத்துக்கலன்னு எப்படிச் சொல்றது?"

பூங்காவனம் வாங்க வந்த கத்தரிக்காயை வாங்காமலே வீட்டுக்குப் போனாள். வாய் வறளும், தலை சுற்றும், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பலன் தெரியும் என்பதெல்லாம் மாத்திரைப் பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. டாக்டருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அவளே அதைப் படித்து மடித்து வைத்தவள். விழுங்கிய ஆளுக்கு மட்டும் தெரியாது.

அன்று மாலை தியாகுவிடம் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். சின்ன வயதில் மலேரியாக் காய்ச்சல் பருவத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொயினா மருந்து கொடுப்பார். குடித்தால் காது இரையும். செவிடாக்குகிற மருந்து என்று சனங்கள் பயந்து, வாயில் வைத்திருந்து குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவார்கள். அவளும் துப்பியிருக்கிறாள். காது இரைவது இரண்டு நாளில் நின்றுவிடும் என்று டிரசர் ஒருநாளும் சொன்னதில்லை. துப்பினவர்களுக்கு அடி விழுந்தது, அவ்வளவுதான்.

"இப்ப நானும் அந்த டிரசர் மாதிரிதான் நிக்கிறேன், அடிக்கிறதில்ல, அது ஒண்ணுதான்" என்றாள்.

தியாகு சொன்னார்: "அப்ப நாளைக்கு டாக்டர்கிட்ட பேசு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

பேசினாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் பேச்சு இன்னும் யாழ்ப்பாணமாகிவிடும்.

"உதெல்லாம் சொன்னா ஆர் மருந்து எடுக்கப்போகினம், பூங்காவனம்? இப்பவே பயந்துகொண்டுதான் வருகினம்."

"சொல்லாமலும் எடுக்கலையே டாக்டர். சொல்லி எடுக்காம போனா, அது அவங்க முடிவு. சொல்லாம விட்டா அது நம்ம தப்பு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நீர் சொல்லும், பாப்பம்."

முதலில் பொன்னுதுரையைத்தான் அழைத்து வந்தாள். டாக்டர் இந்தத் தடவை குறைந்த அளவில் தொடங்கினார். அவர் எழுந்து வேலைக்குப் போக நான்கு மாதம் ஆயிற்று. முழுசாகப் பழைய ஆள் ஆகவில்லை, இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒருமுறை சரிந்தார். ஆனால் அப்போது யாரும் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. அவரே பஸ் ஏறி வந்தார்.

ஜன்னல் வழியாக இதையெல்லாம் பேச முடியாது என்பது பூங்காவனத்துக்குச் சீக்கிரமே புரிந்தது. "மலச்சிக்கல் வரும்" என்று சொன்னால் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து அறைக்குள்ளேயே பஞ்சு மூட்டைகளை ஒதுக்கி ஒரு நாற்காலி போட்டாள். காவி மாத்திரை வாங்குகிறவர்கள் உள்ளே வந்து உட்காரவேண்டும். மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

1962 நவம்பரில் ஜமீலா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இருபத்து நான்கு வயது. கணவன் அப்துல் கய்யூம் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார், மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். குழந்தை பிறந்து ஐந்து மாதம். பால் வற்றி, டின் பால்தான். குழந்தையைத் தூக்கக்கூட மனம் இல்லாமல் ஜமீலா சுவரோடு படுத்துக் கிடந்தாள். நாத்தனார் மஜீதாதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். ஓதின தண்ணீர் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் கய்யூம் பிடிவாதமாகக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார்.

"இது பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரையா மிஸ்ஸி?" என்று கேட்டாள் ஜமீலா.

"இல்லம்மா. பிள்ளை பெத்த பிறகு நிறையப் பேருக்கு இது வருது. வெளியில சொல்றதில்ல. நீங்களும் சொல்லவேணாம், என்கிட்ட சொன்னாப் போதும்." பூங்காவனம் தன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த மாத்திரை முதல்ல தொந்தரவத்தான் கொண்டாரும். நல்லது பின்னாலதான் வரும். வாய் வறளும், பயப்படாதீங்க. தண்ணிய பக்கத்துலயே வச்சுக்குங்க. படுக்கையில இருந்து சட்டுனு எழுந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எழுந்திரிங்க. பப்பாளி சாப்பிடுங்க. ரெண்டு வாரத்துக்கு இந்த மருந்துல ஒண்ணுமே இல்லன்னு தோணும். அந்தத் தோணல மட்டும் நம்பாதீங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "சாகணும்னு தோணுதா?"

கேட்கக் கூடாத கேள்வி என்று அவளுக்கே முன்பெல்லாம் ஒரு எண்ணம் இருந்தது. ஜமீலா அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள்.

"தோணுது மிஸ்ஸி. ஆனா செய்ய மாட்டேன். இத யாரும் இதுவரைக்கும் கேக்கல."

பூங்காவனம் அதை அவள் அனுமதி கேட்டு டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ஒரு தடவைக்கு ஒரு வாரத்து மாத்திரைக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்றார். மாத்திரை மஜீதாவின் அலமாரியில் இருக்கும், வேளாவேளைக்கு அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று ஏற்பாடு. ஒவ்வொரு வியாழனும் ஜமீலா வரவேண்டும். "மருந்து வாங்க இல்ல, என்னைப் பாக்க. ஒண்ணுமே பேசாட்டாலும் பரவாயில்ல, வந்து உக்காந்துட்டுப் போங்க" என்றாள் பூங்காவனம்.

முதல் வியாழன் ஜமீலா, "வாய் வறளுது" என்றாள். இரண்டாவது வியாழன், "தலை சுத்துது, ஆனா விழல" என்றாள். மூன்றாவது வியாழன் எதுவும் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள். பூங்காவனத்துக்கு உள்ளூர பயம்தான்.

நான்காவது வியாழன் கய்யூம் முன்னால் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலுக்குள் தலையை விட்டு ரகசியம்போலச் சொன்னார்: "மீன்காரனைத் திட்டிட்டா மிஸ்ஸி! கெட்டுப் போன கெம்போங்கக் கொண்டாந்து குடுக்குறியான்னு வாசல்ல நின்னு கிழிச்சிட்டா! எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா, அவ குரல் வாசல் வரைக்கும் வந்து?"

பின்னால் ஜமீலா குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். "நல்ல மீனே இல்ல மிஸ்ஸி, நீங்களே சொல்லுங்க" என்றாள். பூங்காவனம் அன்று வீட்டுக்குப் போய்க் கெம்போங் மீனே வாங்கிக் குழம்பு வைத்தாள். தியாகு காரணம் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். யார் பெயரையும் அவள் வீட்டில் சொல்வதில்லை.

இங்கேயே கதை முடிந்திருந்தால் பூங்காவனத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருக்கும்.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழன் ஜமீலா வரவில்லை. விசேஷ வீடு ஏதாவது இருக்கும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் வரை பொறுத்தாள். பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளை நிறுக்கும் கொக்கித் தராசையும் துணித் தூளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மிஸ்ஸி ஒரு வீட்டுக்குப் போனால் தெரு முழுக்க என்ன ஏது என்று கேட்கும். குழந்தைக்கு எடை பார்க்க வந்தேன் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

மஜீதா கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. "மறுபடி வந்துருச்சு மிஸ்ஸி, எல்லாம் மறுபடி வந்துருச்சு" என்றாள்.

ஜமீலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, குமட்டல், உடம்பெல்லாம் வியர்வை. காரணமில்லாமல் பதறியது.

"மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

மஜீதாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நோன்பு பிடிச்சதுல இருந்து நிறுத்தியாச்சு. பகல்ல தண்ணிகூடத் தொடக்கூடாதே, மூணு வேளை மாத்திரை எப்படிக் குடுக்கிறது?"

பூங்காவனத்துக்கு யாரோ பிடரியில் தட்டினது போல இருந்தது. நோன்பு மாதம் வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தத் தெருவில் நோன்புக் கஞ்சி வாசம் வராத வருடம் உண்டா? கய்யூம் வீட்டிலிருந்தே கிளினிக்குக்குக் கஞ்சி வந்திருக்கிறது. பப்பாளி வரைக்கும் சொன்னவள், இதைக் கேட்க மறந்துவிட்டாள். தன் வீட்டுப் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துப் பழகினவள் மறந்துவிட்டாள்.

"உடம்பு சரியில்லாதவங்களுக்கு நோன்பு கட்டாயம் இல்லன்னு சொல்வாங்களே?" என்று கேட்டாள்.

ஜமீலா நிமிர்ந்தாள். "கட்டாயம் இல்ல மிஸ்ஸி. பிறகு பிடிச்சுக்கலாம். ஆனா நான் பிடிக்கலன்னா மாமி கேப்பாங்க, பக்கத்து வீட்டுல கேப்பாங்க. என்ன உடம்புக்குன்னு கேப்பாங்க. பாக்குறதுக்கு நல்லாத்தானே இருக்கா, என்ன நோயின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அதோட..." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "போன மாசம்தான் மறுபடி மனசு வந்து தொழ ஆரம்பிச்சேன். எல்லாரோடயும் சேந்து நோன்பு திறக்கணும்னு ஆசையா இருந்துச்சு. இத்தனை நாள் எதுலயும் ஆசையே இல்லாம இருந்துட்டு, வந்த முதல் ஆசைய விடச் சொல்றீங்களா?"

விடச் சொல்லப் பூங்காவனத்துக்கு மனம் வரவில்லை. ஆசை வந்ததே அந்த மருந்தால்தானே.

"இது உங்க தப்பு இல்ல. நோயும் முழுசாத் திரும்பி வரல" என்றாள். "இந்த மருந்த சட்டுனு நிறுத்தினா உடம்பு இப்படித்தான் முறுக்கிக்கும். நடுங்கும், குமட்டும், தூக்கம் போகும். அத நான் முதல்லயே சொல்லியிருக்கணும். நோன்பைப் பத்தியும் நான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. இருங்க, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடுறேன்."

கிளம்பும் முன் குழந்தையைத் தூளியில் போட்டு நிறுத்தாள். நன்றாகத் தேறியிருந்தது. எடையை உரக்கச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.

டாக்டர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னட்டையும் ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை" என்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார், சிங்கப்பூரில் இருந்த தன் கூட்டாளி டாக்டர் ஒருவருக்கு டெலிபோன் போட்டுப் பேசினார். நோன்பு திறந்த பிறகு ஒரு பங்கு, படுக்கப் போகும்போது மிச்சம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். இந்த மாத்திரையைப் பகலில் பிரித்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லையாம். "பகல்ல தண்ணி இல்லாம வாய் இன்னும் வறளும். தாங்கேலாமல் போனால் நோன்பை விடவேணும் எண்டு தெளிவாச் சொல்லும். தலை சுத்தினாலும் விடவேணும்" என்றார்.

பூங்காவனம் திரும்பிப் போய் அதை அப்படியே சொன்னாள். கய்யூமும் கடையிலிருந்து வந்திருந்தார். அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னது பூங்காவனத்துக்குப் பல வருடம் நினைவிலிருந்தது: "அம்மா கேட்டா நான் பதில் சொல்றேன். பக்கத்து வீட்டுல கேட்டா மஜீதா பதில் சொல்லுவா. உனக்கு முடியலன்னா நீ தண்ணி குடி, அவ்வளவுதான்."

அந்த மாதம் ஜமீலா பத்தொன்பது நோன்பு பிடித்தாள், மற்ற நாட்களில் தண்ணீர் குடித்தாள். கை நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கியது. பெருநாள் அன்று பூங்காவனத்தையும் தியாகுவையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தியாகு அந்தத் தெரு முழுக்கப் பழக்கப்பட்டவர் என்பதால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஜமீலா புதுச் சேலையில் எல்லோருக்கும் பரிமாறினாள், தியாகு வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். ஒரு தடவைகூட மாத்திரையைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

ஆகஸ்டில் ஜமீலா தானாகவே கேட்டாள். "நிறுத்தலாமா மிஸ்ஸி? கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்னு இந்தத் தடவை வந்திருக்கேன்." டாக்டர் ஒன்றொன்றாகக் குறைத்தார். வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். ஒருமுறை குறைத்தபோது கெட்ட கனவு வந்தது, உடனே வந்து சொன்னாள், இரண்டு வாரம் அப்படியே விட்டுப் பிறகு மறுபடி குறைத்தார்கள். நாட்டுக்கு மலேசியா என்று புதுப் பெயர் வந்து சில மாதம் கழித்து, வாங்குவதற்கு மாத்திரை எதுவும் இல்லாத ஒரு வியாழனில் ஜமீலா வந்தாள். பழக்கதோஷம் என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மகனுக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததைப் பற்றி அரைமணி பேசினாள். வெளியே பெஞ்சில் முணுமுணுப்பு பலமாகக் கேட்டது.

அந்த வருடத்திலிருந்து யார் புதிதாக வந்தாலும் பூங்காவனம் முதலில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். என்ன விரதம் இருப்பீங்க? வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? லாரி ஓட்டுறீங்களா? மருந்த வீட்டுல யாருக்குத் தெரியாம வைக்கணும்? கார்த்திகை சோமவாரம், கந்த சஷ்டி என்று நம்மவர்களும் எத்தனை நாள் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள், எத்தனை நாள் விழுங்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. டாக்டரும் மாறினார். ஒருநாள் அவர் அறையைக் கடந்து போனபோது உள்ளே அவர் ஒரு சீனக் கிழவரிடம், "வாய் வறளும்" என்று தட்டுத்தடுமாறி மலாயில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. பூங்காவனம் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒருநாள் காஜா பேராங்கில் இருக்கும் சிட்டிமார் தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பெயர் சிவகாமசுந்தரி. நெற்றியில் திருநீறு, கொண்டையில் ஊசி, சாரோங் கட்டு. பெயரைப் பார்த்துவிட்டுப் பூங்காவனம் முழு நீளத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கினாள். அம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது என்று மலாயில் சொன்னார். சிட்டிமார் சாமி கும்பிடுவதில் தமிழர் மாதிரி இருந்தாலும் பல தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள் என்பதைப் பூங்காவனம் மறந்துவிட்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்று மாதமாகத் தான் சிரிக்கவே இல்லை என்றார் அந்த அம்மாள், அதையும் மலாயில்தான். பூங்காவனம் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, மலாயில், மெதுவாக ஆரம்பித்தாள்.